யாழினி ஏன் டொரோண்டோ பக்கம் போனாள்

1

அக்டோபர் பிறந்தாலே எனக்கு எரிச்சல் வந்துவிடுகிறது. குளிர் ஒரு காரணம். இன்னொன்று, எங்கள் தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில் டென்னிஸ் என்கிற சக ஊழியர் கொண்டுவந்து மாட்டும் வெள்ளைப் பலகை.

நான் இருப்பது அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்தின் வடமேற்கு மூலையில். ஊர் பெயர் ஈரி. பக்கத்தில் கடல்போலக் கிடக்கும் ஏரிக்கும் அதே பெயர்தான். ஊரிலிருந்து யாராவது போனில் கேட்டால் “ஏரிக்கரையில இருக்கேன்” என்று சொல்லிவிடுவேன். ஏதோ எங்கள் ஓசூர் கெலவரப்பள்ளி அணைப் பக்கம் வீடு பிடித்திருக்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். பிளாஸ்டிக் சாமான்களுக்கு அச்சு செய்கிற டூல் ரூமில் எனக்கு வேலை. ஓசூர் தொழிற்பேட்டையில் கற்றுக்கொண்ட அதே வேலைதான். மெஷின் புதிது, சம்பளம் வேறு, குளிர் கூடுதல். மற்றபடி அரத்தூள் வாசனை எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.

டென்னிஸ் எங்கள் டூல் ரூமிலேயே மூத்தவர். நான் வேலைக்குச் சேர்ந்த நாளில் என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு “ஃப்னு, உள்ளே வா” என்று கூப்பிட்டார். என் பாஸ்போர்ட்டில் சண்முகம் என்ற ஒரே பெயர்தான் உண்டு. அப்பா பெயரை முன்னால் ஒரு எழுத்தாகப் போட்டு வாழ்ந்த நமக்குக் குடும்பப் பெயர் எங்கே இருக்கிறது? தூதரகத்தில் சண்முகத்தைத் தூக்கிக் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் போட்டுவிட்டு, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘முதல் பெயர் தெரியவில்லை’ என்பதன் மூன்று ஆங்கில எழுத்துகளை, எஃப்-என்-யு என்று அடித்துக் கொடுத்துவிட்டார்கள். அதைத்தான் டென்னிஸ் பெயர் என்று நினைத்து வாசித்தார். திருத்திச் சொல்லி அலுத்துப்போனேன். இன்றைக்கும் பாதிப் பேருக்கு நான் ஃப்னுதான்.

பலகை விஷயத்துக்கு வருகிறேன். இங்கே பேஸ்பால் என்று ஒரு ஆட்டம். வசந்த காலத்தில் தொடங்கினால் இலை பழுக்கிறவரை கிட்டத்தட்ட தினமும் மேட்ச். அக்டோபரில் முக்கால்வாசி அணிகள் வீட்டுக்குப் போய்விடும். மிச்சம் இருக்கிற அணிகள் மோதிக்கொள்வதற்குப் பெயர் பிளேஆஃப். எங்கள் ஆலையில் பெரும்பாலோர் ஆதரிக்கும் அணி, தெற்கே இரண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கிறது. அது பெரும்பாலும் பிளேஆஃபுக்குள் போவதில்லை.

உங்கள் அணி தோற்றுவிட்டால் என்ன செய்வீர்கள்? டிவியை அணைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள் என்றுதான் நானும் முதல் வருஷம் நினைத்தேன். இவர்கள் அப்படி இல்லை. ஒரு மாதத்துக்கு வேறு அணியைத் தத்தெடுப்பார்கள். அதற்கு ஆளாளுக்கு ஒரு நியாயம். நம்மை அடித்தவன் கோப்பையை வாங்கினால்தான் நாம் தோற்றதற்கு ஒரு கௌரவம் என்பார் ஒருத்தர். நம்மை அடித்தவன் நாசமாகப் போகட்டும் என்பார் அடுத்தவர். பர்சேஸ் பிரிவில் இருக்கிற பெண்மணி, எங்கள் அணியிலிருந்து விலகிப்போன பழைய ஆட்டக்காரன் எங்கே இருக்கிறானோ அங்கே போய்விடுவார். நியூயார்க்குக்கு எதிராக யார் ஆடினாலும் சரி என்று ஒரு கோஷ்டி. டென்னிஸுக்கு மில்வாக்கி. சின்ன ஊர், கோப்பையே வாங்கியதில்லை, பாவம் என்பார்.

இதையெல்லாம் பலகையில் அணி வாரியாக எழுதி, யார் யார் எந்தப் பக்கம் என்று பெயர் போடுவார். கடைசியில் என் பக்கம் திரும்புவார்.

“ஃப்னு, நீ?”

“எனக்கு எல்லாரும் ஒண்ணுதான்.”

“அது எப்படி? ஏதாவது ஒரு பக்கம் இருந்துதானே ஆகணும்?”

ஒவ்வொரு வருஷமும் இதே கேள்வி, இதே பதில். பலகையின் ஓரத்தில் ‘முடிவு செய்யாதவர்’ என்று எழுதி, கீழே என் பெயரை மட்டும் போட்டுவைப்பார். அதைப் பார்த்துக்கொண்டேதான் தயிர்சோறு சாப்பிட வேண்டும்.

2

எனக்கு இந்தக் கேள்வி ஏன் பிடிக்காது என்று டென்னிஸுக்கு ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். உங்கள் ஊர் அணி எது என்று கேட்டார். ஓசூருக்கு அணி கிடையாது, மாநிலத் தலைநகர் சென்னை, ஆனால் அது முந்நூறு கிலோமீட்டர். பெங்களூர் நாற்பதே கிலோமீட்டர், ஆனால் அது வேறு மாநிலம், வேறு மொழி என்றேன். “அப்போ உனக்கு ரெண்டு அணி” என்று சிரித்தார். ரெண்டும் இருப்பதுதான் தொல்லை என்பது அவருக்குப் புரியவில்லை.

ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டுக்கு எதிரே ஒரு டீக்கடை. சென்னையும் பெங்களூரும் மோதுகிற கிரிக்கெட் அன்றைக்குக் கடைக்காரர் டிவியைத் தெருவைப் பார்த்துத் திருப்பி வைப்பார். ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் தாமாகவே இரண்டாகப் பிரிந்து உட்காருவார்கள். இதில் சாதி, மொழி, ஊர் எந்தக் கணக்கும் சரியாக வராது. தர்மபுரியிலிருந்து வந்த தமிழ்ப் பையன் பெங்களூருக்குக் கத்துவான். வீட்டில் தெலுங்கு பேசுகிற மெக்கானிக் சென்னைக்கு விசிலடிப்பார். என் மனைவி கௌரிக்குச் சொந்த ஊர் கெலமங்கலம், வீட்டில் கன்னடம். அவள் பெங்களூர் பக்கம். என் தம்பி குமார் சென்னை. இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து மிக்சர் தின்றவன் நான்.

அதெல்லாம் விளையாட்டு. விளையாட்டாக இல்லாத ஒரு நாளும் இருந்தது. என் மகள் யாழினி அப்போது கைக்குழந்தை. நான் எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்தில் ஒரு கம்பெனிக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். காவிரித் தகராறு சூடாகி ஒரு நாள் மதியமே ஆலையை மூடிவிட்டார்கள். பஸ் இல்லை. அத்திப்பள்ளியிலிருந்து எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிற ஜூஜுவாடியைப் பார்த்துக் கூட்டம் கூட்டமாக ரோட்டில் நடந்தோம். வழியில் சில பேர் மறித்து நின்றார்கள். ஒருத்தன் என் பையைப் பிடித்து எந்த ஊர் என்று கேட்டான்.

“நம்மூரே. ஹொசூரு” என்றேன்.

கன்னடம் சுத்தமாக இருந்ததாலோ என்னவோ விட்டுவிட்டான். எனக்குப் பின்னால் வந்த மதுரைக்காரருக்கு அந்த இரண்டு வார்த்தை தெரியவில்லை. கன்னத்தில் ஒரு அறை விழுந்தது. மூக்குக் கண்ணாடி எங்கோ போய் விழுந்தது. அவரோடு நானும் சேர்ந்து தேடினேன், கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து எந்தப் பக்கம் என்று யார் கேட்டாலும், விளையாட்டுக்குக் கேட்டாலும், அந்த மூக்குக் கண்ணாடி நினைவுக்கு வந்துவிடுகிறது. இதை எப்படி ஒரு பேஸ்பால் பலகைக்கு முன்னால் நின்று சொல்ல முடியும்? சொல்லவில்லை. ‘முடிவு செய்யாதவர்’ என்றே இருந்துவிட்டேன்.

3

யாழினிக்கு அந்தத் தொல்லை கிடையாது. ஐந்து வயதில் இங்கே வந்தாள். எங்கள் அணி எத்தனை தோற்றாலும் அதுதான் அவள் அணி. உள்ளூர்க் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். கல்லூரி வானொலியில் மாணவர்கள் ஆடும் ஆட்டங்களுக்கு நேர்முக வர்ணனை செய்துகொண்டிருந்தாள். சம்பளமில்லாத வேலை. அவள் பேசுவதைக் காரில் கேட்டுக்கொண்டு போவேன். ஆட்டம் பாதி புரியாது, குரல் புரியும். ஒரு பந்து உயரே போகிற நேரத்தில் அவள் குரலும் கூடவே ஏறி, பந்து விழுகிற இடத்தில் வந்து இறங்கும்.

வீட்டில் பேசும் தமிழ்தான் கலப்படம். அம்மாவிடமிருந்து கொஞ்சம் கன்னடம், என்னிடமிருந்து மூக்கண்டப்பள்ளித் தமிழ், பள்ளிக்கூடத்திலிருந்து ஆங்கிலம். மரியாதைச் சொல் அவளுக்குப் பிடிபடவே இல்லை. ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே சொல்தானே. ஒரு தடவை குமாரிடம் போனில் “சித்தப்பா, நீ என்ன பண்ணிக்கினு இருக்க?” என்றாள். குமார் இரண்டு வாரம் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

போன கோடையில் ஊர் வானொலி நிலையம் ஒன்றிலிருந்து அவளைக் கூப்பிட்டார்கள். வார இறுதியில் வந்து விளையாட்டுச் செய்தி வாசிக்கிற வேலை. குரல் நன்றாக இருக்கிறது, அடுத்த வாரமே வா என்றார்கள். அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். வேறு வழியில்லை. என் வேலை விசாவில் ஒட்டிக்கொண்டு இருக்கிற பிள்ளைக்கு வேலை செய்ய அனுமதி கிடையாது. பேப்பர் போடக்கூட முடியாது. கூடப் படிக்கிறவர்கள் பர்கர் கடையிலும் நீச்சல் குளத்திலும் வேலை செய்தார்கள். இவள் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். நிரந்தரமாகத் தங்குவதற்கான கிரீன் கார்டுக்காக நான் நிற்கிற வரிசை நகர்ந்தால்தான் விடிவு. இந்தியாவில் பிறந்தவர்களுக்கான வரிசை நகர்கிற வேகத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் குறிப்பு முடியாது. ஒவ்வொரு மாதமும் புதுத் தேதி போடுவார்கள். சில மாதம் அது பின்னாலும் போகும்.

இதைவிட மோசமான இன்னொன்று இருக்கிறது. இருபத்தொரு வயது முடிந்தால் விசாக் கணக்கில் பிள்ளை பிள்ளையில்லை. ஒட்டு விட்டுப்போகும். யாழினிக்குத் தை மாதத்தில் இருபத்தொன்று முடிகிறது. அதற்குள் மாணவர் விசாவுக்கு மாற்றிவிடலாம், வக்கீலிடம் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். சரிப்பா என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று நினைத்தேன்.

4

இந்தத் தடவை பிளேஆஃப் தொடங்கிய வாரத்தில் யாழினி நீல நிறத் தொப்பி ஒன்றைப் போட்டுக்கொண்டு சாப்பிட வந்தாள்.

“என்ன தொப்பி இது?”

“டொரோண்டோ.”

“கனடாக்காரனா? அமெரிக்காவுல இத்தனை அணி இருக்கறப்போ அங்க எதுக்குப் போற?”

“பிடிச்சிருக்குப்பா.”

எனக்கு எரிச்சலாக இருந்தது. ஏரிக்கு அந்தப் பக்கம்தான் கனடா. தெளிவான நாளில் கூட அந்தக் கரை தெரியாது. அவ்வளவு பெரிய தண்ணீர். ஆலையில் யாரும் அந்த அணியை எடுக்கவில்லை. டென்னிஸின் பலகையில் டொரோண்டோவுக்குக் கீழே காலியாக இருந்தது. டென்னிஸுக்காவது ஒரு நியாயம் இருக்கிறது, இவளுக்கு என்ன நியாயம் என்று கௌரியிடம் கேட்டேன். “புள்ள ஒரு தொப்பி போட்டா அதுக்கும் நியாயம் சொல்லணுமா?” என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

டொரோண்டோ ஜெயித்துக்கொண்டே போனது. வீட்டில் டிவி ஓய்வதில்லை. யாழினி அந்த அணியை மட்டும் பார்ப்பதோடு நிற்கவில்லை. அந்த ஊர் வானிலை, அந்த ஊர் ரயில், எந்தத் தெருவில் எந்தக் கடை என்றெல்லாம் போனில் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டப் பித்து முற்றிவிட்டது என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கௌரி களி கிண்டிக்கொண்டே கெலமங்கலத்தில் இருக்கிற தன் அக்காவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். அக்காவிடம் பேசும்போது கன்னடம்தான். நான் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். காதில் ஒரு வரி விழுந்தது. “டொரோண்டோகே ஒப்ளே ஹோக்தாளே.” டொரோண்டோவுக்குத் தனியாகப் போகிறாள்.

போனை வைக்கும்வரை காத்திருந்தேன்.

“மேட்ச் பாக்கறதுக்கு கனடா வரைக்கும் போவணுமா? டிவில பாத்தா ஆவாதா?” என்றேன். “எல்லையத் தாண்டிட்டுத் திரும்பி வர்றப்போ ஏதாவது கேள்வி கேட்டு நிறுத்தினான்னா யாரு பதில் சொல்றது? வக்கீல் என்ன சொன்னாரு? விசா மாத்தற வரைக்கும் எங்கயும் போவாதீங்கன்னு சொன்னாரா இல்லியா?”

கௌரி அடுப்பை அணைத்தாள்.

“மேட்ச் பாக்கப் போறாள்னு யாரு சொன்னது?”

“இப்பத்தான போன்ல சொன்ன. ஒப்ளே ஹோக்தாளேன்னு.”

“போறாள்னு சொன்னேன். மேட்ச்சுன்னு சொன்னேனா?”

அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. மாடியைப் பார்த்து யாழினியைக் கூப்பிட்டாள். “வந்து நீயே சொல்லுடி. என்னால இனிமே மூடி வெக்க முடியாது.”

யாழினி இறங்கி வந்து எதிரே உட்கார்ந்தாள். தலையில் அந்தத் தொப்பி இருந்தது. அதைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

“அப்பா, நான் படிக்கப் போறேன். அங்க ஒரு காலேஜ்ல. ஜனவரில.”

5

அதற்குப் பிறகு நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன். மறக்கவில்லை.

“மாணவர் விசா போட்டுக்கலாம்னு சொல்லியிருந்தேனே.”

“போட்டா? படிச்சு முடிச்சிட்டு வேலை விசாவுக்குக் குலுக்கல்ல பேர் வரணும். வந்தா உன் வரிசைல கடைசில போய் நிக்கணும். நீ இன்னும் நின்னுக்கினுதான் இருக்க, அப்பா.”

“அங்க மட்டும் என்ன?”

“அங்க படிக்கிறப்பவே வேலை செய்யலாம். படிச்சிட்டு ஒரு சில வருஷத்துல அவங்களே இருந்துக்கோன்னு சொல்லலாம். சொல்லாமலும் போலாம். ஆனா கேக்கவாவது ஒரு வழி இருக்கு.”

“எப்ப விண்ணப்பிச்ச?”

“அந்த ரேடியோகாரங்களுக்கு வேண்டாம்னு சொல்லிட்டு வந்தேன்ல, அந்த வாரம்.”

கௌரியைப் பார்த்தேன். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. கெலமங்கலத்தில் பாதித் தெருவுக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை.

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நீங்க வக்கீல்கிட்ட பேசறேன், பேசறேன்னே சொல்லிக்கினு இருந்தீங்க” என்றாள் கௌரி. “அவ சொன்னா உடஞ்சி போயிடுவீங்கன்னு பயந்தா.”

“நான் உடையல. கோவமா இருக்கேன்.”

“யார் மேல?” என்றாள் யாழினி.

அவள்மேல் கோபப்பட ஒன்றுமில்லை. கௌரிமேலும் இல்லை. சட்டத்தின்மேல் கோபப்படலாம், அதற்கு முகம் இல்லை. போய்ச் சட்டையைப் பிடிக்க ஆள் இல்லை. ஒரு கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற ஆளாவது இருந்தால் இரண்டு வார்த்தை சத்தம் போட்டுவிட்டு வரலாம். ஊரில் தாலுகா ஆபீசில் அந்த வசதியாவது உண்டு. இங்கே ஒரு இணையதளம் இருக்கிறது. அது எப்போதும் நன்றி சொல்லிவிட்டு மூடிக்கொள்கிறது.

“இந்த டீம உனக்கு நெஜமாவே பிடிக்குமா?” என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை.

“முதல்ல பிடிக்கல” என்றாள். “அங்கதான இருக்கப்போறேன்னு பாக்க ஆரம்பிச்சேன். ஒரு ஊர்ல போய் யாரையும் தெரியாம நிக்கறதுக்கு, அங்க இருக்கிற டீமையாவது தெரிஞ்சு வெச்சுக்கலாம்னு. இப்ப பிடிச்சிருக்கு.”

6

குமாருக்குப் போன் போட்டேன். யாரிடமாவது கொட்ட வேண்டியிருந்தது.

“இதுக்குப் போயி ஏண்ணா இவ்ளோ வருத்தம்?” என்றான். “இங்கேருந்து பெங்களூருக்குப் போற மாதிரிதான? எல்லை தாண்டினா வேற ஊரு. மூக்கண்டப்பள்ளியில பாதிப் பேரு தினம் போயிட்டு வர்றாங்க.”

“அவங்க சாயங்காலம் திரும்பி வந்துடறாங்கடா.”

“யாழினியும் லீவுக்கு வரும்.”

“லீவுக்கு வர விசா வேணும். நான் போய்ப் பாக்கறதுக்கு விசா வேணும். என் பாஸ்போர்ட்டுல இருக்கற விசா முத்திரை காலாவதி ஆயிடுச்சி. நான் வெளிய போனா திரும்பி உள்ள வர முடியுமான்னு கேள்வி. ஒரு வீட்டுல மூணு பேரு, மூணு விதமா மாட்டிக்கினு இருக்கோம்.”

“அண்ணா, இங்கயே இருந்திருக்கலாம் இல்ல?” என்றான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் போனை வைத்துவிட்டேன். ஊரில் இருக்கிறவர்கள் சொல்லக்கூடாத வாக்கியம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். வெளிநாட்டில் இருக்கிற உறவினர்களிடம் பேசும்போது வாசகர்கள் இதை நினைவில் வைத்துக்கொண்டால் புண்ணியம்.

மறுநாள் ஆலையில் டென்னிஸ், பலகைக்கு முன்னால் நின்று யாரையோ அழித்து யாரையோ எழுதிக்கொண்டிருந்தார். மில்வாக்கி தோற்றுவிட்டது. அவர் அணியில்லாத ஆளாகிவிட்டார். நான் போய் டொரோண்டோவுக்குக் கீழே என் பெயரை எழுதினேன். சண்முகம் என்று முழுசாக.

“அட, ஃப்னு முடிவு செஞ்சிட்டான்” என்றார். “ஏன் டொரோண்டோ?”

சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

“அவ இங்க வளர்ந்த பொண்ணுதானே? என் பேத்தியோட ஸ்கூல்ல படிச்சா. எதுக்குப் போகணும்?”

“இருபத்தொரு வயசு ஆகுது.”

“அதனால என்ன? இத்தனை வருஷம் இருந்துட்டீங்க, குடியுரிமை தானா வந்துடாதா?”

தானா வருவதற்கு அது நரை முடியா? இத்தனை வருஷம் ஒரே பெஞ்சில் நின்று வேலை செய்த மனுஷன். என் வீட்டுக்கு வந்து பிரியாணி சாப்பிட்டவர். பனி கொட்டிய நாளில் என் காரைத் தள்ளியவர். நான் இங்கே எந்த நூலில் தொங்கிக்கொண்டிருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. அது தெரியாமலே வாழ அவருக்கு வசதி இருந்திருக்கிறது. எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அதுவும் நிற்கவில்லை. அவ்வளவு குழம்பிப்போய் நின்றார்.

சாப்பாட்டு இடைவேளையில் எங்கள் தொகுதி மக்கள் பிரதிநிதியின் அலுவலகத்துக்கு அவரே போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டார். ஒரு பெண் குரல், தேன் மாதிரி. உங்கள் அக்கறைக்கு நன்றி, இது சிக்கலான சட்டம், உங்கள் கருத்தைப் பதிவு செய்துகொள்கிறோம். டென்னிஸ் அப்படிப்பட்ட குரலோடு பேசிப் பழகாதவர். “பதிவு செஞ்சா என்ன ஆகும்?” என்று கேட்டார். மறுபடியும் நன்றி வந்தது. போனை வைத்துவிட்டு, “எல்லா வருஷமும் இவங்களுக்குத்தான் ஓட்டுப் போட்டேன்” என்றார். எனக்கு ஓட்டு இல்லை.

சாயங்காலம் கிளம்பும்போது பார்த்தேன். டென்னிஸ் தன் பெயரை டொரோண்டோவுக்குக் கீழே எழுதியிருந்தார். வாரக் கடைசிக்குள் டூல் ரூமில் பாதிப் பேர் அந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். நியூயார்க் எதிர்ப்புக் கோஷ்டி மொத்தமாக வந்தது. பர்சேஸ் பெண்மணி யாழினிக்கென்று நீல நிறத்தில் கம்பளிக் கழுத்துத்துணி ஒன்று பின்னிக்கொடுத்தார். எனக்கு அது பிடித்திருந்தது. எரிச்சலாகவும் இருந்தது. ஒரு அணியிலிருந்து இன்னொரு அணிக்கு மாற ஒரு மார்க்கர் பேனா போதும் இவர்களுக்கு. அந்தப் பிரியத்தை வைத்துக்கொண்டு என் பெண்ணை ஒரு நாள்கூட இங்கே கூடுதலாக இருக்கவைக்க முடியாது.

டொரோண்டோ கடைசித் தொடர்வரை போய், கடைசி ஆட்டத்தில் தோற்றது. மறுநாள் காலையில் யாழினியின் கண் வீங்கியிருந்தது. காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, “பரவால்ல. அடுத்த வருஷம் நேர்லயே பாத்துக்கறேன்” என்றாள். அடுத்த வருஷம் என்று அவள் இவ்வளவு நிச்சயமாகச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

7

நானும் கௌரியும் கனடா போகச் சுற்றுலா விசாவுக்கு விண்ணப்பித்தோம். விரல் ரேகை கொடுக்க ஒரு நாள் பறிபோனது. முதல் பெயர் தெரியவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று விளக்கக் கடிதம் கேட்டார்கள். கொடுத்தேன். யாழினி கிளம்புகிற நாள்வரை பதில் வரவில்லை. திரும்பி வருவதற்குக் கேள்வி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று துணிந்திருந்தேன். அந்தத் துணிச்சலுக்கே வேலை இல்லாமல் போய்விட்டது.

பொங்கல் கழித்துக் கிளம்பினாள். பஃபலோ என்ற ஊர்வரை நாங்கள் காரில் கொண்டுபோய்விட்டோம். அங்கிருந்து டொரோண்டோவுக்குப் பஸ் இருக்கிறது. பஸ் நிலையத்தில் கௌரி பெட்டியைத் திறந்து, புளிக்காய்ச்சல் பாட்டில் சாய்ந்திருக்கிறதா என்று மறுபடியும் பார்த்தாள். யாழினி எனக்குக் கைகொடுக்க வந்தவள் பாதியில் மாற்றிக்கொண்டு கட்டிப்பிடித்தாள்.

“போய்ட்டு வரேன்பா. நீங்க பத்திரமா வண்டி ஓட்டுங்க.”

நீங்க என்றாள். எங்கே கற்றுக்கொண்டாளோ, எப்போது கற்றுக்கொண்டாளோ. வெளியாட்களிடம் பேசுகிற மரியாதை மாதிரி இருந்தது எனக்கு. “நீன்னே சொல்லு” என்றேன். சிரித்துக்கொண்டே பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

ஊருக்குத் திரும்பாமல் ஆற்றங்கரைப் பக்கம் காரை ஓட்டினேன். அங்கே ஒரு பூங்கா இருக்கிறது. எதிரே பாலம். அந்தப் பக்கம் கனடா. ஏரியைப் போல இல்லை, ஆறு குறுகல்தான். எதிர்க்கரையில் இருக்கிற வீடுகளின் ஜன்னல்கூடத் தெரிகிறது. பனி லேசாகத் தூவிக்கொண்டிருந்தது. காரை நிறுத்திவிட்டுக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தோம். பாலத்தில் லாரிகள் வரிசையாக நின்றன. கொஞ்ச நேரம் கழித்து ஒரு பஸ் ஏறியது. அதுதானா என்று தெரியாது. அதுதான் என்று கௌரி சொன்னாள். லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து, பாலத்தின் முதுகில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி மறைந்தது.

அந்த நேரத்தில் என் போன் சிணுங்கியது. யாழினி என்று எடுத்தேன். போன் கம்பெனியின் குறுஞ்செய்தி. எதிர்க்கரையில் இருக்கிற ஏதோ டவர் என் போனைப் பிடித்துக்கொண்டுவிட்டது போல.

“யாரு? புள்ளயா?” என்றாள் கௌரி.

“இல்ல. கனடாவுக்கு உங்களை அன்போடு வரவேற்கிறோம்னு வந்திருக்குது.”

அவள் போனை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தாள். ஆற்றைப் பார்த்தாள். திரும்ப என் கையிலேயே கொடுத்தாள்.

“போனுக்கு விசா வேண்டாமாட்டம் இருக்குது” என்றாள்.